அந்த நாடாக்களைத் திறந்துவிடுங்கள்

விஎச்1 என்ற அமெரிக்க இசைத் தொலைக்காட்சியின் பழைய ஒளிநாடாக்களுக்கு இன்று பொறுப்பாக இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

2003ஆம் ஆண்டில் உங்கள் ஆட்கள் பதிவுசெய்த சில கச்சேரிகளைப் பற்றி எழுதுகிறேன். 'பாண்ட்ஸ் ரீயுனைட்டட்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினீர்கள். 2004 ஜனவரியில் தொடங்கி இரண்டு பருவம் ஓடியது. உடைந்துபோன பழைய இசைக்குழு, அதாவது பாண்ட், ஒன்றைத் தேர்ந்தெடுப்பீர்கள். ஆமர் ஹலீம் என்ற கனடாக்காரர் காமராக் கூட்டத்தோடு போய், ஆளுக்கொரு மூலையில் இருக்கும் அதன் ஆட்களை ஒவ்வொருவராகப் பிடிப்பார். ஒரே ஒரு இரவு பழையபடி சேர்ந்து வாசிக்க முடியுமா என்று கேட்பார். சம்மதித்தவர் அந்த பாண்டின் இசைத்தட்டில் கையெழுத்துப் போடவேண்டும். எல்லோரும் போட்டுவிட்டால் கச்சேரி. ஒருவர் மாட்டேன் என்றால், அந்த 'மாட்டேன்'தான் அந்த வாரத்து நிகழ்ச்சி.

ஒரு மணி நேரம். விளம்பரத்தைக் கழித்து, ஆள் தேடுவதைக் கழித்து, கண் கலங்குவதைக் கழித்துப் பார்த்தால் வாசித்ததற்கு மிஞ்சியது சில நிமிடங்கள்தான். ஆனால் இருபது வருடம் முகம் பார்க்காத ஐந்து பேர் ஒத்திகைக்கு வந்து, கிற்றாரைச் சுருதி சேர்த்து, முதல் பாட்டைப் பிழையாகத் தொடங்கி, திரும்பத் தொடங்கி வாசித்திருப்பார்கள். காமரா அங்கேயே நின்றது. ஒளிபரப்பாகாத அந்த மிச்சம்தான் எனக்கு வேண்டும். நடுவில் பேட்டி செருகாமல், வெட்டாமல், கச்சேரியை முழுதாக.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எண்பதுகளில் லண்டன், பாரிஸ், டொராண்டோ என்று வந்து இறங்கி, அந்த பாண்டுகளின் நியூ வேவ் பாட்டுகளைக் கேட்டுக்கேட்டே ஆங்கிலம் பிடித்த ஒரு தலைமுறை தமிழர் இருக்கிறோம். எல்லோருக்கும் இப்போது அறுபது நெருங்கிவிட்டது அல்லது தாண்டிவிட்டது. அவர்கள் முதலில் இதை வாசிக்கட்டும். பிறகு யாராவது ஒரு பிள்ளை உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்.

நான் 1984இல் வந்தவன். ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டு மேல்மாடியில் ஒரே அறைக்குள் ஆறு பேர். மின்சாரத்துக்கு மீற்றரில் 50 பென்ஸ் காசு போடவேண்டும். வியாழக்கிழமை இரவு பிபிசியில் 'டொப் ஒஃப் த பொப்ஸ்' போகும்போது பாட்டு நடுவில் காசு முடிந்து அறை இருண்டுபோன நாட்கள் உண்டு. 'யாரடா காசு போடேல்ல' என்ற சண்டை முடிந்து வெளிச்சம் வரும்போது அடுத்த பாட்டு போய்க்கொண்டிருக்கும். பாதியில் விட்ட பாட்டுகளின் மிச்சத்தைத் தேடும் வியாதி எனக்கு அங்கேதான் தொற்றியது என்று மனைவி சொல்வாள்.

அதற்கு முன் ஊரில் நான் ஒரு பொப்பிசைக் குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தேன். நித்தி கனகரத்தினத்தின் பாட்டுகளும் பைலாவும்தான் எங்கள் சரக்கு. கலியாண வீடு, பாடசாலை விழா, கோயில் திருவிழாவில் கடைசி நாள் என்று ஓடித்திரிந்தோம். அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கும் உங்களுக்கு எழுதுவதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

நியூ வேவ் என்றால் நம்மில் சினிமா பார்ப்பவர்கள் பிரெஞ்சுப் படங்களை நினைப்பார்கள். இது வேறு. எழுபதுகளின் முடிவில் பங்க் என்ற முரட்டு றொக் இசையின் பெயரைக் கேட்டாலே அமெரிக்க வானொலிக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். சையர் என்ற இசைத்தட்டுக் கொம்பனியை நடத்திய சீமோர் ஸ்டைன் போன்றவர்கள் அதே சரக்கில் ஒட்டிய புது லேபிள்தான் நியூ வேவ். பிறகு சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியம் மலிவாகி அதற்குள் வந்தது. தலைமயிர் உயர்ந்தது. கண்ணுக்கு மை பூசிய பெடியன்கள் வந்தார்கள். முதலில் எதைக் குறித்ததோ அதையே அந்தச் சொல் மறந்துபோனது.

1981 ஓகஸ்ட் 1ஆம் தேதி உங்கள் மூத்த சகோதரமான எம்டிவி இசைத் தொலைக்காட்சி தொடங்கியபோது நாள் முழுக்கப் போடுவதற்குப் போதிய வீடியோ அமெரிக்காவில் இல்லை. பிரிட்டிஷ்காரர்களிடம் இருந்தது, ஏனென்றால் அங்கே பாட்டோடு ஒரு குறும்படமும் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் ஏற்கெனவே வந்திருந்தது. லிவர்பூலில் சலூன் வைத்துத் தலைமயிர் வெட்டிக்கொண்டிருந்த மைக் ஸ்கோரின் பாண்ட், எ ஃப்ளொக் ஒஃப் சீகல்ஸ், 1982இல் அமெரிக்காவின் முதல் பத்துக்குள் போனதற்கு அவருடைய பாட்டு எவ்வளவு காரணமோ அவருடைய தலையும் அவ்வளவு காரணம். அந்தத் தலையை வானொலியில் பார்க்க முடியாது.

எம்டிவி முதன்முதலில் போட்ட வீடியோ பகிள்ஸ் என்ற இருவருடையது. அதை இயக்கிய ரசல் மல்காஹிதான் 1982இல் டுரான் டுரான் என்ற பிரிட்டிஷ் பாண்டை இலங்கைக்குக் கூட்டிப்போனார். சிகிரியா, பொலன்னறுவை, கடற்கரை, யானை. யானை குளித்த தண்ணீர் வாய்க்குள் போய் அதன் கிற்றார்காரர் அண்டி டெய்லர் ஆஸ்பத்திரியில் படுத்ததும் அந்தப் பயணத்தால்தான். அந்த வீடியோவை எங்கள் அறையில் முதலில் பார்த்தபோது ஒருவன் 'டேய், சிகிரியாடா' என்று கத்தினான். மற்ற ஐந்து பேரும் சத்தமில்லை. 1983 ஜூலைக்கு ஒரு வருடம் முந்திய இலங்கை அது. நாங்கள் விட்டு ஓடிவந்த இடத்தை அவ்வளவு வடிவாக ஒருவரும் எங்களுக்குக் காட்டியதில்லை. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெடியன்களைத் தூக்கிவிட்டது தொலைக்காட்சி. தூக்கிய வேகத்தில் கைவிட்டதும் அதுதான். இருபது வருடம் கழித்து அதே தொலைக்காட்சி காமராவைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வேலைசெய்யும் இடத்துக்குப் போய், ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டது. உங்கள் நிகழ்ச்சியைப் பார்த்தபோது ஒரு கண்ணில் சந்தோசமும் மறு கண்ணில் கூச்சமும் இருந்தன. சீகல்ஸ் நால்வரும், அதாவது மைக், டிறம்ஸ் வாசித்த சகோதரர் அலி, ஃபிராங் மோட்ஸ்லி, போல் ரெனால்ட்ஸ் ஆகியோர், ஒரே மேடையில் நின்றபோது நான் சோபாவை விட்டு எழும்பிவிட்டேன். ரெனால்ட்ஸின் கிற்றார் அந்த பாண்டில் எவ்வளவு பெரிய பங்கு என்பது அந்தத் தலைமயிர்ப் பகிடிகளில் அடிபட்டுப்போன ஒன்று. அவர்களுக்கு 1983இல் கிராமி கிடைத்ததே வாத்திய இசைக்குத்தான். பாட்டுக்கு அல்ல. அந்தக் கிற்றாரை ஒரு முழுக் கச்சேரிக்குக் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீங்கள் காட்டியது மைக் ஸ்கோரின் தலையில் அந்தப் பழைய தலைமயிர் இப்போது இல்லை என்பதை.

காஜாகூகூவின் கதை இன்னும் சிக்கல். 1983 பெப்ரவரியில் அவர்களுடைய 'டூ ஷை' பாட்டு பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. அதைத் தயாரித்ததில் டுரான் டுரானின் நிக் ரோட்ஸுக்கும் பங்கு உண்டு. அதே வருடம் முடியுமுன் பாடகர் லிமாலை மற்ற நால்வரும் விலக்கிவிட்டார்கள். பேஸ் வாசித்த நிக் பெக்ஸ் பாடத் தொடங்கினார். (லிமால் என்பது அவருடைய சொந்தப் பெயரான ஹமிலின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டது. இதை எங்கள் அறையில் கண்டுபிடித்தவன் ஒரு வாரம் தலைகீழாக நடந்தான்.) உங்கள் நிகழ்ச்சியில் அந்த ஐவரும் சேர்ந்து வாசித்தார்கள். அவசரமாக ஒட்டியது என்றாலும் அது முழுக்கப் பொய்யாகப் போகவில்லை. 2008இல் அவர்களாகவே மறுபடி சேர்ந்தார்கள். பெர்லினும் அப்படி. பெயர்தான் பெர்லின், ஆட்கள் கலிபோர்னியாக்காரர். உங்கள் மேடையில் டெரி நன்னோடு நின்ற ஜோன் க்ரோஃபோர்டும் டேவிட் டயமண்டும் 2019இல் அவரோடு புது இசைத்தொகுப்பே போட்டார்கள். உங்கள் நிகழ்ச்சிக்கு வந்த இன்னொரு பாண்டான டிராமராமா 2005இல் போட்டது. ஆகவே, உங்கள் நிகழ்ச்சி வெறும் கூத்து என்று நான் சொல்லமாட்டேன். சில வீடுகளில் அடைத்துக்கிடந்த கதவு அந்தத் தட்டலுக்குத்தான் திறந்தது.

தட்டியவிதம்தான் என் வயிற்றைக் கலக்கியது. இதற்குச் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது.

ஊரில் இருந்த எங்கள் குழுவில் ஐந்து பேர். 1983க்குப் பிறகு இரண்டு பேர் லண்டன், ஒருவர் ஜெர்மனி, ஒருவர் கனடா, ஒருவர் கொழும்பு என்று சிதறினோம். டிறம்ஸ் வாசித்த அண்ணர் வெளியே வருவதற்கு ஏஜென்சிக்குக் காசு கட்ட டிறம் செற்றை விற்றார். அந்தச் செற்றை வாங்கியது ஐந்து பேர் சேர்த்த காசில். அதைப் பற்றி அவரும் கதைத்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. வருடத்துக்கு இரண்டு தரம் தொலைபேசியில் பிள்ளைகளின் படிப்பு, முழங்கால் வலி, யார் செத்தது என்றெல்லாம் கதைப்போம். டிறம்ஸ் பற்றி மட்டும் இல்லை.

பதினைந்து வருடத்துக்கு முன் இங்குள்ள ஒரு தமிழ்த் தொலைக்காட்சி (பெயர் வேண்டாம்) 'பழைய நண்பர்களைச் சேர்த்துவைக்கிறோம்' என்று எங்களைப் பிடித்தது. அண்ணருக்கு மட்டும் சொல்லவேண்டாம், சப்ரைஸாக இருக்கட்டும் என்றார்கள். நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு சம்மதித்தோம். ஹரோவில் ஒரு மண்டபம். பேரப்பிள்ளையின் பிறந்தநாள் என்று சொல்லி அவரைக் கூட்டி வந்தார்கள். திரை விலகியது. மேடையில் நாங்கள், நடுவில் வாடகைக்கு எடுத்த டிறம் செற். அறிவிப்பாளர் பிள்ளை மைக்கை நீட்டி, 'அங்கிள், ஏன் குழு பிரிஞ்சது?' என்று சிரித்துக்கொண்டே கேட்டது. அண்ணர் டிறம் செற்றைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். 'எனக்கு வேலைக்கு நேரமாச்சு' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் ஓய்வுபெற்று மூன்று வருடம்.

அதை ஒளிபரப்பினார்கள். சோக இசை போட்டு.

அதனால்தான் ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவூட் என்ற பாண்டைத் தேடிப்போன உங்கள் நிகழ்ச்சியை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். ஐந்து பேரையும் ஓர் அறைக்குள் கொண்டுவந்தீர்கள். அதுவே பெரிய காரியம். ஆனால் வாசிப்பு நடக்கவில்லை. ஏதோ குடும்பச் சண்டைபோல அது காட்டப்பட்டது. அதன் பாடகர் ஹோலி ஜோன்சன் யார்? ஒலிப்பதிவுக் கொம்பனியின் ஒப்பந்தப் பிடியிலிருந்து வெளியேற நீதிமன்றத்தில் நின்று வென்றவர். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் என்ன நடக்கும் என்று பட்டுத் தெரிந்த மனிசன். அவரிடம் போய் இசைத்தட்டை நீட்டி ஒரு கையெழுத்து என்று கேட்டால்!

அந்தக் கச்சேரி நடக்க மேலும் இருபது வருடம் எடுத்தது. 2023 மே 7ஆம் தேதி, லிவர்பூல் சென் ஜோர்ஜ் மண்டபத்தின் முன், யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் தொடக்க விழாவில், அந்த ஐவரும் வந்தார்கள். 36 வருடத்துக்குப் பிறகு. ஒரே ஒரு பாட்டு. ஊர்ச் சனம் கீழே, அவர்கள் மேலே. 1984இல் அவர்களுடைய 'ரிலாக்ஸ்' பாட்டைத் தடைசெய்த அதே பிபிசி அதை நேரலையாகக் காட்டியது. காமரா அங்கேயும் இருந்தது, ஆனால் அது அவர்கள் வருமுன் வீட்டு மணியை அடிக்கவில்லை. பாட்டை முழுக்கக் காட்டியது. முடிந்ததும் இறங்கிப் போய்விட்டார்கள், சுற்றுப்பயணம் ஒன்றும் அறிவிக்கவில்லை. எனக்கு அது போதும்.

ஏன் பிரிந்தார்கள் என்ற கேள்வியை நீங்கள் எப்போதும் மனசு நோகடித்த கதையாகவே எடுத்தீர்கள். பெரும்பாலும் அது கணக்குக் கதை. பாட்டு எழுதியவர் பெயர் எதுவோ அந்தப் பெயருக்குத்தான் பாடலாக்க உரிமைத்தொகை போகும். வானொலியில் போனாலும் விளம்பரத்தில் வந்தாலும் அப்படித்தான். ஸ்டூடியோவில் ஐந்து பேர் சேர்ந்து உருட்டிப் பிரட்டிய பாட்டாக இருக்கலாம். லேபிளில் ஒரு பெயர் இருந்தால் இருபது வருடம் கழித்து அந்த ஒருவர் பெரிய வீட்டில் இருப்பார், மற்றவர் வான் ஓட்டுவார். ஸ்பாண்டோ பாலேயில் பாட்டெழுதியவர் கேரி கெம்ப். டோனி ஹாட்லி, ஸ்டீவ் நோர்மன், ஜோன் கீபிள் மூவரும் தங்களுக்கும் பங்கு உண்டென்று வழக்குப் போட்டு 1999இல் தோற்றார்கள். வழக்குச் செலவும் தலையில். அப்படி இருந்தும் 2009இல் தேம்ஸ் நதியில் நிற்கும் எச்எம்எஸ் பெல்ஃபாஸ்ட் கப்பலில் ஐவரும் ஏறி, சேர்ந்துவிட்டோம் என்றார்கள். 2017இல் ஹாட்லி மறுபடி போய்விட்டார். த பொலிஸ் என்ற பாண்டின் மூவரும் 2007 பெப்ரவரியில் கிராமி மேடையில் திடீரென்று சேர்ந்து, உலகம் சுற்றி, 2008 ஓகஸ்டில் நியூயோர்க்கில் முடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் கணக்கு முடியவில்லை. 2025இல் ஸ்டூவர்ட் கோப்லண்டும் அண்டி சமர்ஸும் ஸ்டிங்கை லண்டன் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். விஷயம் அதே உரிமைத்தொகை.

எங்கள் குழுவில் இருந்தது ஒரு டிறம் செற். இவர்களிடம் கோடிகள். அண்ணரின் முகம் மட்டும் எல்லாக் கதையிலும் எனக்கு வருகிறது.

விருது மேடைகளும் உங்களைப்போலத்தான். 2006இல் றொக் அண்ட் றோல் ஹோல் ஒஃப் ஃபேமில் பாடகி டெபி ஹாரியின் ப்ளொண்டி பாண்டைச் சேர்த்தபோது, அதன் பழைய கிற்றார்காரர் ஃபிராங் இன்ஃபாண்டே எல்லோர் முன்னாலும் மைக்கில் நின்று, இன்றைக்கு எங்களையும் சேர்த்து வாசிக்கவிடு என்று டெபி ஹாரியைக் கேட்டார். அவர் விடவில்லை. அதைப் பார்த்தபோது இன்ஃபாண்டே பக்கம் நின்றேன். பல வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது டெபி ஹாரியின் நிலையும் விளங்கியது. காமரா முன்னால் வைத்துக் கேட்டால் அது கேள்வி இல்லை, பொறி. டோக்கிங் ஹெட்ஸ் 2002இல் அதே விழாவில் நால்வருமாக மூன்று பாட்டு வாசித்தார்கள், அதோடு சரி. நான்கு பேர் உயிரோடு இருந்தும் அதற்குப் பிறகு சேர்ந்து வாசிக்கவில்லை. அந்த மூன்று பாட்டையும் நான் எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. முழுதாகப் பார்க்கக் கிடைத்தது என்பதால் பார்க்கிறேன்.

சேராமலே போனவர்களும் உண்டு. ஸ்குவீஸ் உங்கள் நிகழ்ச்சியில் சேரவில்லை, 2007இல் தாங்களாகச் சேர்ந்தார்கள். நல்லது. பேர்மிங்ஹாமின் த பீட் சேரவில்லை. அதற்குப் பிறகு அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் டேவ் வேக்லிங் நடத்திய பீட் ஒன்றும் இந்தப் பக்கம் ராங்கிங் ரோஜர் நடத்திய பீட் ஒன்றுமாக ஓடியது. 2017இல் சாக்ஸபோன் வாசித்த கிழவர் சாக்ஸா போனார். 2019 மார்ச்சில் ராங்கிங் ரோஜர் போனார், 56 வயது. 2021இல் டிறம்ஸ் எவரெட் மோர்ட்டன். அந்த நிகழ்ச்சிக்காக அவர்களைத் தேடிப்போய் நீங்கள் எடுத்த பேச்சுகள் உங்கள் கிடங்கில் இருக்கும்தானே? கச்சேரி நடக்காவிட்டாலும் அந்த மனிசரின் பேச்சுக்கு இன்று வேறு பெறுமதி.

இனி, இந்தக் கடிதத்தை எழுதவைத்த ஆளைப் பற்றி. த அலாம் என்ற வேல்ஸ் பாண்ட். ரில் என்ற கடற்கரை ஊர்க்காரர். நியூ வேவ் கூடைக்குள் இவர்களைப் போடுவதா என்று சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பிடிக்கட்டும். மைக் பீட்டர்ஸ் பாடகர், டேவ் ஷார்ப் கிற்றார், எடி மக்டொனால்ட் பேஸ், நைஜல் ட்விஸ்ட் டிறம்ஸ். 1991 ஜூன் 30ஆம் தேதி பிரிக்ஸ்டன் அகடமியில் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே, மேடையில் வைத்து, இதுதான் எனக்குக் கடைசி என்று மைக் பீட்டர்ஸ் அறிவித்தார். மற்ற மூவரும் வாத்தியத்தோடு நிற்கிறார்கள். சனம் விளங்காமல் பார்க்கிறது.

அப்படிப் பிரிந்தவர்கள் 2003இல் உங்களுக்காக ஓர் இரவு சேர்ந்தார்கள். நால்வரும். நான் சொன்னேனே, உங்கள் தட்டலுக்குத் திறந்த கதவுகள் என்று, அதில் பெரிய கதவு இதுதான்.

அதோடு ஒட்டி இன்னொரு கூத்தும் நடந்தது. பீட்டர்ஸ் அப்போது வேறு ஆட்களோடு அலாம் என்ற பெயரைத் தொடர்ந்து நடத்திக்கொண்டிருந்தார். 2004 தொடக்கத்தில் ஒரு புதுப் பாட்டை 'த பொப்பி ஃபீல்ட்ஸ்' என்ற பொய்ப் பெயரில் வெளியிட்டார். வீடியோவில் வாயசைத்தது வேறு இளம் பெடியன்கள். வானொலிக்காரர்கள் புது பாண்ட் என்று நினைத்துப் போட்டார்கள், பாட்டு பிரிட்டிஷ் பட்டியலில் 28ஆம் இடத்துக்குப் போனது. பிறகுதான் அவிழ்த்துவிட்டார். கிழவர்களின் பாட்டு என்று தெரிந்திருந்தால் உறையைக்கூடத் திறந்திருக்கமாட்டார்கள். பழைய பாண்ட் அழுதால் காட்டத் தயார், புதுப் பாட்டு போட்டால் கேட்கத் தயாரில்லை என்ற அந்தக் காலத்து நிலையை இதைவிட நன்றாக ஒருவரும் பகிடி பண்ணவில்லை. உங்களுக்கும் அதில் ஒரு குட்டு உண்டு என்று நினைக்கிறேன்.

1995இலேயே பீட்டர்ஸுக்கு இரத்தப் புற்றுநோய் சார்ந்த வியாதி. பிறகும் திரும்பத் திரும்ப வந்தது. முப்பது வருடம் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே பாடினார். 2025 ஏப்ரல் கடைசியில் காலமானார்.

செய்தியைக் கேட்டதும் நான் முதலில் செய்தது உங்கள் நிகழ்ச்சியைத் தேடியது. யாரோ வீட்டு விசிஆரில் பதிந்து இணையத்தில் ஏற்றிய துண்டுகள் கிடைத்தன. படம் நடுங்குகிறது, சத்தம் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல. நால்வரும் சேர்ந்து பாடத் தொடங்குகிறார்கள், காமரா பார்வையாளர் ஒருவரின் முகத்துக்குப் போகிறது, அங்கிருந்து அறிவிப்பாளருக்குப் போகிறது, வெட்டு. மீற்றரில் காசு முடிந்ததுபோல இருந்தது.

நீங்கள் காசில்லாத ஆட்கள் என்று சொல்லவில்லை, காசு எங்கே போகிறது என்றும் கேட்கவில்லை. ஆனால் உங்கள் குடும்பத்தில் நடப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. 2024 ஜூனில் எம்டிவி செய்திப் பிரிவின் இணையக் காப்பகம் இருந்தபாட்டில் மறைந்தது, இரண்டு தசாப்த எழுத்து. 2025 அக்டோபரில், பிரிட்டனில் ஓடிய எம்டிவி 80ஸ் உட்பட ஐந்து இசை அலைவரிசைகளை வருடக் கடைசியோடு மூடுவதாக அறிவித்தீர்கள். ஒளிநாடா என்பது நெல்லுப்போல. சூடு, ஈரம், தூசி எல்லாம் அதைக் கெடுக்கும். வாசிக்கும் கருவிகளும் பழுதாகிக்கொண்டு வருகின்றன, திருத்தத் தெரிந்தவர்களும் ஓய்வுபெறுகிறார்கள். இன்னும் பத்து வருடம் விட்டால் நாடா இருக்கும், அதில் ஒன்றும் இருக்காது.

உரிமைச் சிக்கல் என்று உங்கள் வழக்கறிஞர்கள் சொல்வார்கள். இருக்கும். பாட்டு ஒருவருக்கு, பதிவு ஒருவருக்கு, பெயர் இன்னொருவருக்கு. அப்படியென்றால் முதலில் அந்தந்த பாண்டுக்காரரிடம், போனவர்களின் வீட்டாரிடம், ஒரு பிரதியைக் கொடுங்கள். உலகத்துக்குக் காட்டுவதா இல்லையா என்பதை அவர்கள் சொல்லட்டும். இந்த முறை கடிதம் எழுதிக் கேளுங்கள். காமரா வேண்டாம். வேண்டாம் என்றால் அந்த 'வேண்டாம்' அவர்களோடு இருக்கட்டும், அதற்குச் சோக இசை போடாதீர்கள். சரி என்பவர்களின் கச்சேரியை முழுதாக, ஒத்திகையோடு, சுருதி சேர்ப்பதோடு, பிழைவிட்ட இடங்களோடு போடுங்கள். வெட்டுவதற்கு ஆளும் தேவையில்லை, உங்களுக்குச் செலவும் மிச்சம். ஒரு கச்சேரிக்கு எவ்வளவு காசு என்று போட்டாலும் நான் கட்டிப் பார்ப்பேன். ஈஸ்ட் ஹாம் அறையில் இருந்த மற்ற ஐவரில் நால்வருக்கும் சேர்த்துக் கட்டுவேன். ஐந்தாவது ஆளுக்குக் கட்ட முடியாது. அவன் 2020 ஏப்ரலில், ஆஸ்பத்திரியில், நாங்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டான். சிகிரியாவைக் கண்டு கத்தியவன் அவன்தான்.

இப்படிக்கு,
கிழக்கு லண்டனிலிருந்து ஒரு பழைய பேஸ் கிற்றார்காரன்

பி.கு.: இந்தக் கடிதத்தை அண்ணருக்கு வாசித்துக் காட்டினேன். தன் கதையைப் போட்டதற்கு ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. நைஜல் ட்விஸ்ட் அன்றைக்கு என்ன செற் வாசித்தவர், சிம்பல் எத்தனை வைத்திருந்தவர் என்று கேட்டார். துண்டு வீடியோவில் பார்த்தேன், அவருடைய தோள்மூட்டும் ஒரு சிம்பலின் ஓரமும்தான் தெரிகிறது.